ஓடாத அலைக்கு ஒரு குட்டைப் பலகை: 5 மாத அனுபவம்

குளத்தில் ஒரே இடத்தில் நிற்கும் செயற்கை அலைமேல் ஓட்டுகிற சர்ஃபிங் பலகையின் விமர்சனம் இது. முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். நீளம் 5 அடி 1 அங்குலம், அகலம் 19½ அங்குலம், தடிமன் 2⅜ அங்குலம், கன அளவு, அதாவது எவ்வளவு மிதக்கும் என்பதைக் காட்டும் எண், 26 லிட்டர். உள்ளே இபிஎஸ் என்ற தெர்மோகோல் வகை நுரை, மேலே எபாக்சி ரெசின் என்ற கெட்டிப் பூச்சு. அடியில் 3 ஃபின், அதாவது மீன் துடுப்பு போன்ற சிறு தகடுகள். வால், முனை மழுங்கிய சதுரமான ஸ்குவாஷ் வகை. என் எடை 68 கிலோ, வலது காலை முன்னால் வைத்து நிற்பவன். ஒரு சிறிய பட்டறையில் சொல்லிச் செய்துவாங்கிய பலகை இது. 5 மாதத்தில் 40 தடவைக்கு மேல் செயற்கை அலையில் ஓட்டியிருக்கிறேன், தடவைக்கு 45 நிமிடம்.

இதற்கு முன்னால் கடலுக்காக வாங்கிய 5 அடி 10 அங்குலப் பலகைதான் என்னிடம் இருந்தது. அது 27 லிட்டர். குளத்துக்குத் தனியாக ஒன்று வேண்டுமா என்று ஒரு கடையில் கேட்டேன். "உங்கள் எடைக்கு லிட்டர் சரியாக இருக்கிறது, இதையே ஓட்டுங்கள்" என்றார்கள். நம்பி இரண்டு மாதம் ஓட்டினேன். நேராக நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. திரும்பினால் மூக்கு தண்ணீருக்குள் குத்தும், அடுத்த நொடி நான் பின்னால் கரையோரம் கிடப்பேன். தப்பு என் காலில்தான் என்று நினைத்து அதையே திருத்திக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

புதுப் பலகைக்கும் பழையதற்கும் 1 லிட்டர்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இந்த அலைக்குப் பலகை தேடுபவர்கள் லிட்டரில் தொடங்க வேண்டாம் என்கிறேன். கடலில் பலகைமேல் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளி, அலையின் வேகத்தை எட்டிப்பிடிக்க வேண்டும். அதற்கு மிதப்பு அவசியம். இங்கே கையால் தள்ளுகிற வேலையே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து, பலகையைத் தண்ணீர்மேல் வைத்து, காலை ஊன்றி எழுந்த கணத்திலிருந்து தண்ணீர் அடியில் பாய்ந்துகொண்டிருக்கிறது. உங்களைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பாய்ச்சல்தான். நன்னீரில் மிதப்பு குறையும், லிட்டரைக் கூட்டுங்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். குறைவது உண்மைதான். ஆனால் நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம்தான் கம்மி. 26 லிட்டர் பலகையில் அது முக்கால் கிலோகூட வராது.

நீளத்தின் கதை வேறு. இந்த அலையின் சரிவு, அடிப்பள்ளத்திலிருந்து மேல்விளிம்புவரை, மிகவும் குட்டை. பழைய பலகையின் மூக்கு பள்ளத்தைத் தொடும்போதே வால் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். 9 அங்குலம் குறைந்ததும் திரும்ப இடம் கிடைத்தது. முதல் நாளே தெரிந்தது இது ஒன்றுதான், ஆனால் இது ஒன்றே போதும்.

அடுத்தது ராக்கர், அதாவது பலகையின் அடிப்பக்க வளைவு. எனக்கு இதுதான் மிகவும் சுவாரசியமான விஷயம். அலை ஒரே இடத்தில் நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது. உங்கள் எடை உங்களைச் சரிவில் கீழே இழுக்கிறது, ஓடும் தண்ணீர் பின்னால் தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை அங்கேயே நிற்கலாம். வளைவு அதிகமான பலகை தண்ணீரை அதிகமாகத் தடுக்கும், உங்களை மேலே தள்ளி அலைக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிடும். ரொம்பத் தட்டையாக இருந்தால் பள்ளத்துக்கு வழுக்கிவிடும், மூக்கும் குத்தும். என் பலகையில் நடுப்பகுதி தட்டை, மூக்கு மட்டும் கொஞ்சம் எழும்பியிருக்கிறது. முன்காலை அழுத்தினால் கீழே இறங்குகிறது, பின்காலை அழுத்தினால் பிரேக் போட்டதுபோல் மேலே ஏறுகிறது. நீங்கள் போகும் அலை இன்னும் செங்குத்தானது என்றால் வளைவு கூடுதலாகக் கேளுங்கள். என்னுடையது நடுத்தரச் சரிவு.

வால் அகலம் பற்றி எனக்குப் பயம் இருந்தது. அகல வால் இருந்தால் பலகையின் ஓரம் தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அலைக்கு முகம் காட்டித் திரும்பும்போது பிரச்சினையே இல்லை. முதுகு காட்டித் திரும்பும்போதுதான் முதல் இரண்டு வாரம் வால் நழுவியது. கடலில் பிடித்த பக்கமாகவே போகும் அலையைத் தேடிக்கொள்ளலாம். இங்கே அப்படி முடியாது, ஒரு திருப்பம் முகம் என்றால் அடுத்தது முதுகு. அப்புறம் பின்காலை ஒரு அங்குலம் குதிகால் பக்கமாக நகர்த்தி வைத்துப் பார்த்தேன், ஓரம் பிடித்தது. இப்போது விளிம்பில் அடித்துத் திரும்பும் ஸ்னாப் இரண்டு பக்கமும் வருகிறது. வாலை விட்டுச் சுழலும் 360 பாதிக்குப் பாதி வருகிறது. இதற்கு அகல வால்தான் காரணம். சின்னத் தட்டலிலேயே விட்டுக்கொடுக்கிறது.

ஃபின் சிறியதாக இருக்கட்டும். வேகம் எப்போதும் தண்ணீரிலிருந்தே வருவதால் பெரிய ஃபின் திருப்பத்தைக் கனமாக்குகிறது. நான் மீடியத்திலிருந்து ஸ்மாலுக்கு மாறினேன். நான் போகும் குளத்தில் கூரான விளிம்புள்ள ஃபினுக்கும் பலகையைக் காலோடு கட்டும் கயிற்றுக்கும் அனுமதி இல்லை. உங்கள் குளத்தின் விதியை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கூடவே அலை எந்த வகை என்றும் கேளுங்கள். ஃப்ளோரைடர் போன்றவற்றில் மெத்தைத் தரைமேல் சில சென்டிமீட்டர் தண்ணீர்தான் ஓடும். அங்கே ஃபினில்லாத தனிப் பலகைதான், இந்த விமர்சனம் உதவாது. சிட்டிவேவ் போன்ற ஆழத் தண்ணீர் அலைகளுக்குத்தான் இதெல்லாம் பொருந்தும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஐஸ்பாக் என்ற ஆற்றின் அலையில் 1970களிலேயே சறுக்கத் தொடங்கிவிட்டார்கள், 2010இல்தான் அதற்குச் சட்டப்படி அனுமதி கிடைத்தது. அங்கே ஓட்டிய பலகைகளும் இதே குட்டை ரகம்தான். ஆனால் அடியில் கல் இருக்கும் ஆற்றில் இந்தப் பலகையை நான் இறக்கமாட்டேன்.

ஏனென்றால் இதன் பெரிய குறை உறுதி. முதல் வாரமே மூக்கு சுவரில் இடித்து விரிசல் விட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் இரண்டு நாள் அப்படியே ஓட்டிவிட்டேன், நுரை தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. வெயில்படாமல் ஒரு வாரம் காயவைத்து, எபாக்சி பூசி அடைத்தேன். இபிஎஸ் நுரைமேல் பாலியெஸ்டர் ரெசினைப் பூசாதீர்கள், நுரையே கரைந்துவிடும். இப்போது மூக்கில் ரப்பர் காப்பு ஒட்டியிருக்கிறேன். மேல்தளத்தில் முன்கால் படும் இடமும் குழிந்துவிட்டது.

கடலிலும் ஒருமுறை எடுத்துப் போனேன். சிறிய, சோம்பலான அலையில் நன்றாகவே ஓடியது. ஆனால் கையால் தண்ணீரைத் தள்ளிப் போவதற்குள் தோள் சோர்ந்துவிட்டது.

அடுத்த பலகைக்குச் சொல்லிவிட்டேன். இதே நீளம், இதே வால். மேல்தளத்தில் மட்டும் 4 அவுன்ஸ் கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு, மூக்கு அரை அங்குலம் மழுங்கலாக. கனம் கொஞ்சம் கூடும் என்றார் செய்பவர். கூடட்டும் என்றேன்.