‘30 நாளில் கேட்ட பாட்டை வாசிக்கலாம்’ வகுப்பில் பணம் கட்டப் போகிறீர்களா?

நோட்ஸே (எழுதிவைத்த இசைக் குறிப்பே) வேண்டாம், காதால் கேட்ட எந்தப் பாட்டையும் 30 நாளில் கீபோர்டில் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்கிற ஆன்லைன் வகுப்பு ஒன்றில் 18,000 ரூபாய் கட்டி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஆளைப் பிடிக்கிற விதம் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

எனக்கு இந்த ஆசை எங்கள் கிறிஸ்தவச் சபையில் வந்தது. அங்கே கீபோர்டு வாசிக்கும் அண்ணனுக்கு நோட்ஸ் படிக்கவே தெரியாது. கூட்டத்தில் யாராவது தனக்கு வாய்த்த சுருதியில் திடீரென்று பாட்டை எடுத்துவிடுவார். இரண்டாவது வரி வருவதற்குள் அண்ணன் கை அந்த ஸ்கேலுக்கு, அதாவது அந்தச் சுருதிக்குரிய கட்டைகளுக்குப் போயிருக்கும். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் இப்படிக் கேள்வி ஞானத்தில் வாசிக்கிறவர்கள் நிறைய பேர். அதைக் கற்றுக்கொள்ளத்தான் சேர்ந்தேன்.

இலவச டெமோ வகுப்பில் மாஸ்டர், “எந்தப் பாட்டு வேணும், சாட்ல போடுங்க” என்றார். போட்டதையெல்லாம் உடனே வாசித்தார். அவருடைய திறமையில் பொய் இல்லை. ஆனால் அதை நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்பதைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் பேச்சே வரவில்லை. கடைசியில் மட்டும், இன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம் என்று ஒரு கடிகாரம் திரையில் ஓடியது.

பணம் கட்டிய பிறகு அந்த மாஸ்டரைப் பார்க்கவே முடியவில்லை. பதிவுசெய்த வீடியோக்கள், ஒரு வாட்ஸ்அப் குழு, கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கோஆர்டினேட்டர், அவ்வளவுதான். கட்டைகளின் மேல் ஒட்ட சி, டி, இ என்று ஸ்டிக்கர் அனுப்பினார்கள். பாடம் என்று வந்தது ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பிடிஎஃப். அதில் எந்தக் கட்டைக்கு அப்புறம் எந்தக் கட்டை என்று எழுத்து எழுத்தாகப் போட்டிருந்தது. நோட்ஸ் வேண்டாம் என்று கூப்பிட்டுவிட்டு, தாளக் கணக்குகூட இல்லாத அரைகுறை நோட்ஸைக் கையில் கொடுத்தார்கள். காதுக்கு அங்கே வேலையே இல்லை.

சி ஸ்கேலில் படித்த பாட்டை ஒருவர் டி ஸ்கேலில் பாடினால் எப்படி வாசிப்பது என்று கேட்டேன். “ட்ரான்ஸ்போஸ் பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்க சார்” என்று பதில் வந்தது. விரலை மாற்றாமலே சுருதியை ஏற்றுகிற பட்டன் அது. பாடுகிறவர் டி-யில்தான் பாடுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பதில் இல்லை. எந்த இடத்தில் கார்டு (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு) மாற வேண்டும் என்று கேட்டதற்கு, அது அட்வான்ஸ் லெவல், இன்னும் 12,000 ரூபாய் என்றார்கள்.

எனக்கு அதிகம் கோபம் வந்தது ‘பெர்ஃபெக்ட் பிட்ச்’ பேக்கேஜ் விஷயத்தில். எந்த ஒலியைக் கேட்டாலும் உடனே இன்ன ஸ்வரம் என்று சொல்லும் காது, பெரியவர்களுக்கும் சில வாரத்தில் வந்துவிடுமாம். அந்தத் திறன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது சின்ன வயதிலேயே அமைந்தது. வளர்ந்த பிறகு பயிற்சியால் அதை அடைவது மிக அரிது. அதைவிட முக்கியம், கேட்டு வாசிக்க அது தேவையே இல்லை. ‘ச’ எங்கே என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து மற்ற ஸ்வரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று உணர்ந்தால் போதும். இதை எந்த வயதிலும் பழகலாம். தேவையில்லாத ஒன்றைக் காட்டி, தேவையானதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டதுதான் இதில் பெரிய மோசடி.

சபை அண்ணனிடம் புலம்பியபோது அவர் உட்காரவைத்துச் சொன்னார்: “பாட்டு எங்க வந்து உக்காருதுன்னு பாரு தம்பி. பெரும்பாலும் அந்தக் கட்டைதான் ச. அதைப் பிடிச்சிட்டு, மீதியை வாயால பாடிக்கிட்டே தேடு.” சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள்தான் மேஜர் ஸ்கேல். சி-யில் ஆரம்பித்தால் எல்லாம் வெள்ளைக் கட்டை, டி-யில் ஆரம்பித்தால் எஃப், சி இரண்டும் ஷார்ப் ஆகும், அதாவது வலப்பக்கக் கறுப்புக் கட்டைக்கு ஏறும். ஸ்கேல் மாறினாலும் இடைவெளி மாறாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் பாட்டின் அடியில் ஒலிக்கும் கனத்த பாஸ் ஒலியை மட்டும் கேட்கச் சொன்னார். அது ச, ம, ப என்று நகர்கிற இடங்களில் அந்தந்த கார்டை வைத்துப் பார்த்தால் நிறைய எளிய பாட்டுகள் பிடிபட்டுவிடுகின்றன. யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால் சுருதி மாறாமல் பாட்டு மெதுவாகும் என்பதுகூட அவர் சொல்லித்தான் தெரியும். 18,000 ரூபாய் வகுப்பில் இதில் ஒரு வரிகூட இல்லை.

பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம் நேரில் நடத்தும் தேர்வில் முதல் கிரேடிலேயே, தேர்வாளர் வாசிக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைத் திருப்பிப் பாட வேண்டும். காதைப் பழக்குவது என்றால் அப்படித்தான் தொடங்கும். அதனால் எங்கே சேர்ந்தாலும் முதலில் கேளுங்கள்: எங்களைப் பாடவைப்பீர்களா? ஒரே பாட்டை வேறு ஸ்கேலில் வாசிக்கவைப்பீர்களா? நான் வாசிப்பதை யார் நேரில் கேட்டுத் திருத்துவார்கள்? மாஸ்டர் வாசிப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று மாதம் படித்த மாணவர் ஒருவரை, நீங்கள் முணுமுணுக்கும் ஒரு மெட்டை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.

கீபோர்டையும் அவர்களிடமே வாங்கச் சொல்வார்கள். 9,500 ரூபாய்க்கு வந்தது மினி கட்டைகள், டச் ரெஸ்பான்ஸ் கிடையாது, அதாவது மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். அதே மாடல் டவுனில் 6,000 ரூபாய். வாங்குவதானால் முழு அளவுக் கட்டைகள் 61, டச் ரெஸ்பான்ஸ், இந்த இரண்டையும் பாருங்கள்.

பணம் திரும்பக் கேட்டபோது இன்னொன்று வெளியே வந்தது. ‘எளிய தவணை’ என்று ஓடிபி வாங்கினார்களே, அது வேறொரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன். வகுப்புக்காரர்களுக்கு முழுப் பணமும் அன்றே போய்விட்டது. வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும். இவர்கள் அவர்களைக் கைகாட்டுகிறார்கள், அவர்கள் இவர்களை. ‘30 நாளில் பணம் வாபஸ்’ என்பதற்கோ, தினமும் வீடியோ அனுப்பியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை, பணம் கட்டிய பிறகு வந்த மெயிலில் இருந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். வகுப்புக்காரர்கள் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் சரி. நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி கட்டி மாட்டியவர்கள், புகார் கொடுப்பதற்கு முன்பே விளம்பரம், சாட், ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். என் புகார் போன சில நாளிலேயே அந்த ‘30 நாள்’ வாசகத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.