கோழிக்கூட்டுக்கு இரவுக் காவல்: வெல்டு மெஷ்ஷும் தானியங்கிக் கதவும், பல வருடப் புழக்கத்துக்குப் பின்

இரவுக் காவலுக்கென்று கூட்டில் மாட்டும் பொருள்களில் பணத்துக்கு முழுதாக உழைப்பது அரை அங்குலக் கண் (துளை) உள்ள வெல்டு மெஷ்தான், அதாவது கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் பற்றவைத்த வலை. அறுகோணக் கண் வைத்த கோழி வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, நாயை வெளியே நிறுத்தாது. மெல்லிய கம்பியை முறுக்கிச் செய்தது அது. ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்துக் கண்களும் பிரிந்துகொண்டே போகும்.

மெஷ்ஷில் கம்பித் தடிமன் குறைந்தது 1 மி.மீ. வேண்டும். நாய், நரி நடமாட்டம் இருந்தால் 1.6 மி.மீ. எடுங்கள். கால்வனைஸ் பூச்சை (துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சு) வெல்டிங்குக்குப் பிறகு ஏற்றியதா என்றும் பாருங்கள். முன்பே பூசிய கம்பியை வெல்டு செய்தால் இணைப்புகளில் துத்தநாகம் எரிந்துவிடும். அங்கே கருப்புப் புள்ளி தெரியும்; துரு தொடங்குவதும் அங்கேதான்.

முதலில் துருப்பிடித்துப் போவது வலையின் அடிப்பகுதி. எச்சத்தின் ஈரமும் அம்மோனியாவும் கம்பியைத் தின்றுவிடும். அதனால் கீழ் 30 செ.மீ. உயரத்துக்குத் தனித் துண்டாக அடித்து, மேல் வலையோடு 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கட்டுக்கம்பியால் நெருக்கிக் கட்டுங்கள். துரு ஏறியதும் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

வலை நன்றாக இருந்தும் கூடு உடைகிறதென்றால், பெரும்பாலும் பொருத்திய விதம்தான் காரணம். ஸ்டேப்ளர் பின், மரம் காய்ந்து சுருங்கியதும் இளகிவிடும். அகல வாஷர் போட்ட ஸ்க்ரூவை 10 செ.மீ.க்கு ஒன்றாக முடுக்குங்கள். அல்லது வலையின்மேல் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து ஸ்க்ரூ அடியுங்கள்.

தோண்டும் விலங்குகள் சுவரின் அடியை ஒட்டியே தோண்டத் தொடங்கும். அங்கிருந்து வெளிப்பக்கமாக 45 செ.மீ. வலையைத் தரையோடு படுக்க விரித்து, முளையடித்து, மண் மூடிவிட்டால் நகம் கம்பியில்தான் படும். செங்குத்தாகப் புதைப்பதைவிட இதுவே மேல். புதைத்த வலை துருப்பிடித்தால் வெளியே தெரியாது.

தூங்கும் கட்டை வலையிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். கண் பெரிதாக இருந்தால் மரநாயும் பூனையும் வெளியிலிருந்தே கோழியைப் பிடித்து இழுத்துவிடும். வலையோரம் தலையில்லாத கோழி கிடந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். குஞ்சுகள் இருக்கும் பகுதிக்குக் கால் அங்குலக் கண் வேண்டும். குட்டிப் பாம்பும் எலிக்குஞ்சும் அரை அங்குலத்தில் நுழைந்துவிடும். கால் அங்குல வலையில் தூசியும் ஒட்டடையும் சீக்கிரம் அடைக்கும், அடிக்கடி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பயத்தில் காற்றோட்ட வழியைத் தகரம் வைத்து மூடிவிடாதீர்கள். அம்மோனியா தேங்கினால் கோழிக்கு மூச்சுக்கோளாறு வரும்.

தானியங்கிக் கதவு நல்ல உதவி, ஆனால் வலைக்கு அடுத்த இடம்தான். வெளிச்சம் பார்த்து மூடும் வகை, மேகமூட்டத்தில் முன்னதாகவே மூடிவிடும். தாமதமாக அடையும் இளங்கோழி வெளியே மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் மூடாமலும் போகும். டைமரைச் சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து மூடும்படி வைத்து, பருவத்துக்கேற்ப மாற்றி வருவது நம்பகமானது. கயிற்றில் தொங்கும் கதவானால், இறங்கியதும் தானே பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலங்கு நகத்தால் நெம்பித் தூக்கிவிடலாம். கதவு இறங்கி உட்காரும் அடிக் காடியில் (பள்ளத்தில்) உமியும் எச்சமும் சேர்ந்தால் கதவு விரல் அகலம் திறந்தபடி நிற்கும், மூடிவிட்டதாகவே காட்டும். காடியை வாரம் ஒருமுறை சுரண்டுங்கள். காலையில் நன்றாக விடிந்தபின் திறக்கட்டும், விடியற்கருக்கலிலும் வேட்டை நடக்கும்.

விலங்குகளை மிரட்ட மாட்டும் மினுக்கும் சிவப்பு விளக்கை நம்பி வலையில் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஒரே இடத்தில் இருந்தால் விலங்குகள் பழகிவிடும். அதைவிடப் பலன் தருவது தீவனத்தை இரவில் எடுத்து மூடியுள்ள தகர டின்னில் வைப்பது. சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். முட்டையையும் மாலையிலேயே எடுத்துவிடுங்கள்.