கல்யாண கேசட்டை டிவிடி போடக் கொடுக்கிறீர்களா? கடைசிப் பகுதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

தாலி கட்டி முடிந்து, தலையில் அட்சதை எல்லாம் விழுந்து, மாமா கையை எடுத்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கிறது. என் அக்கா கல்யாண டிவிடி இப்படித்தான் வந்தது. கடலூர்க்காரர்கள் யாராவது பழைய கேசட்டைக் கடையில் கொடுக்கும் எண்ணத்தில் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கல்யாணம் 2004 ஜூனில், திருப்பாப்புலியூரில். மூன்று விஎச்எஸ் கேசட். தானே புயலில் ஓடு பறந்தபோதும், 2015 வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோதும், பரணில் இருந்த தகரப் பெட்டியில் தப்பியவை. அப்பா 2009இல் தவறிவிட்டார். அவர் குரல் எங்களிடம் இருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான். தாரை வார்க்கும்போது அக்கா அழ, அப்பா குனிந்து, "அழாத பாப்பா, நெல்லிக்குப்பம் என்ன தூரமா?" என்று சொல்வார். அதைக் கேட்கத்தான் இருபதாவது கல்யாண நாளுக்கு டிவிடி போடச் சொன்னோம்.

மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு வீடியோ கடை. கேசட்டுக்கு 600 ரூபாய் என்று 1800 வாங்கினார்கள். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். டிவிடியை வாங்கும்போது கடை டிவியில் முதல் இரண்டு நிமிடம் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நானும் நம்பி வந்துவிட்டேன்.

வீட்டில் பார்க்கும்போதுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் சரி. நலங்கு வரும்போது ஒலி ஒரு நொடி பின்தங்குகிறது. முகூர்த்தத்தில் மூன்று நொடி. அப்பா உதடு அசைந்து ஓய்ந்த பிறகு அவர் குரல் வருகிறது. அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திரும்பக் கொண்டுபோனேன். "கேசட்டே அப்படித்தான் சார் இருக்கு. இருபது வருஷ டேப்பு. சிங்க் பண்ணித் தரோம், 500 ஆகும்" என்றார் கடைக்காரர். கொடுத்தேன். அவர்கள் செய்தது என்னவென்றால், மொத்த ஒலியையும் மூன்று நொடி முன்னால் இழுத்துவிட்டார்கள். இப்போது தாலிக்குக் கெட்டிமேளம் சரியாக வருகிறது. ஆனால் பந்தல் வாசலில் அப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே "வாங்க, வாங்க" என்று குரல் வந்துவிடுகிறது. மறுபடி கேட்டால், "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது சார்."

கேசட் அப்படியா? புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் சித்தப்பா பையன், எனக்குத் தம்பி, கேசட் ஓட்டும் தன் பழைய விசிஆரில் போட்டுக் காட்டினான். தாலி, மேளம், அப்பா குரல், எல்லாம் ஒன்றாக வந்தன. டேப்பில் ஒலி விலகல் எதுவும் இல்லை. கடைக்காரர் சொன்னது பொய்.

தம்பி விளக்கியதை அப்படியே சொல்கிறேன். நம் ஊர் வீடியோ பால் (PAL) என்ற முறை, நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனித்தனிப் படம். பழைய டேப்பில் சிக்னல் தள்ளாடும் இடங்களில் கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிக்கும் மலிவான கேப்சர் கருவி சில ஃப்ரேம்களை விட்டுவிடும். ஒலி மட்டும் விடாமல் பதிவாகும். ஒரு ஃப்ரேம் போனால் 40 மில்லி நொடி. 75 ஃப்ரேம் போனால் மூன்று நொடி. படம் குட்டையாகி முன்னே ஓட, ஒலி பின்தங்கிக்கொண்டே வரும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, தொடக்கத்திலும் முடிவிலும் இடைவெளி ஒன்றுதானா என்பதை. பதிந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் போட்டு ஜே, கே எழுத்துகளை அழுத்தினால் ஒலி 50 மில்லி நொடி அளவில் முன்பின் நகரும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு நகர்த்தினால் பொருந்துகிறது என்றால் மொத்தமாக இழுத்தே சரிசெய்யலாம். போகப் போக இடைவெளி கூடினால் அந்த வைத்தியம் பலிக்காது. ஃப்ரேம் வேகத்தைக் கொஞ்சம் தவறாகப் போட்டுவிட்டால் ஒலி ஒரே சீராக விலகிக்கொண்டே போகும். அதற்கு ஒலியை நீட்டினாலோ சுருக்கினாலோ போதும். எங்களுடையது அப்படி இல்லை. ஃப்ரேம் போன இடங்கள் அங்கங்கே கொத்துக் கொத்தாக இருந்தன. மறுபடி கேப்சர் செய்வதுதான் ஒழுங்கான வழி. கேசட் கையில் இருக்கும்போது அதைச் செய்யாமல் என்னிடம் 500 ரூபாய் வாங்கினார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தம்பி, டேப்பைப் படிக்கும் விசிஆர் ஹெட்டைத் துடைத்தான். டேப்பை ஒருமுறை முழுக்க ஓட்டிச் சுற்றினான். நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியாக சிக்னலை விட்டான், சிக்னலின் தள்ளாட்டம் நின்றது. லேப்டாப்பில் மற்றதை எல்லாம் மூடிவிட்டு வர்ச்சுவல் டப் என்ற மென்பொருளில் பதிந்தான். விடுபட்ட ஃப்ரேம் எத்தனை என்று அதிலேயே எண் காட்டும். தாரை வார்க்கும் கட்டம் தாண்டும்வரை இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூஜ்யம், பூஜ்யமாகவே நின்றது.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கேப்சர் ஃபைலை அப்படியே பென்டிரைவில் தரச் சொல்லுங்கள். டிவிடியில் தாலி கட்டு, தேங்காய் உடைப்பு, கடைசி ஆசீர்வாதம் என்று ஓசையும் அசைவும் சேர்ந்து வரும் இடங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள். போனில் எடுத்த வீடியோவுக்கும் இதே ஆபத்து உண்டு. போனில் ஃப்ரேம் வேகம் கூடிக் குறையும், டிவிடிக்கு நிலையான 25 வேண்டும். முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், பில் இல்லாமல் கேசட்டைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். ஆனால் என்னிடம் இருப்பது ஒரு விசிட்டிங் கார்டுதான்.

அக்காவுக்கு இரண்டாவது கேசட்டின் புது டிவிடியைப் போன வாரம் கொடுத்தோம். அந்த ஒரு இடத்தை நான்கு முறை திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள். மீதி இரண்டு கேசட்டையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறு மறுபடி லாஸ்பேட்டை போகிறேன்.