பேட்டரி சக்‌ஷன் மிஷின்: அண்ணன், அக்கா இருக்கும் வீட்டுக்கு

கோவை, ஈரோடு பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும். அதனால் மூச்சு விடத் தொண்டையில் குழாய் வைத்த குழந்தைக்கு, சளியை உறிஞ்சி எடுக்க பேட்டரி உள்ள மிஷினையே வாங்குங்கள்.

இதன் பெரிய குறை சத்தம். நடு இரவில் ஓடினால் பக்கத்தில் படுத்திருக்கும் அண்ணன் திடுக்கிட்டு எழுவான், பகலில் பள்ளியில் தூங்குவான். மரக்கட்டில் மேல் வைத்தால் அதிர்வு கூடும். தரையில் ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். மடித்த பவானி ஜமுக்காளம் வேண்டாம், அடியில் காற்றுத் துளை இருந்தால் அடைத்துவிடும்.

உறிஞ்சவில்லையென்றால் முதலில் சளி சேரும் ஜாடியின் மூடியைப் பாருங்கள். அடுத்து ஃபில்டர்: நனைந்தால் அடைபடும், மாற்றத்தான் வேண்டும். ஜாடி முக்கால் நிறையும் முன் கொட்டுங்கள். மிஷினின் உறிஞ்சு குழாயை மடக்கிப் பிடித்து மீட்டரில் அழுத்தத்தைப் பாருங்கள். அளவு மருத்துவர் சொன்னதுதான், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 80 முதல் 100 mmHg. ஒருமுறை உறிஞ்ச 10 விநாடிக்கு மேல் போகக்கூடாது.

மூத்த பிள்ளைக்குப் பகலிலேயே சத்தத்தைப் பழக்குங்கள். “பாப்பாவுக்கு வலிக்குமா?” என்றால், “இருமல் வருங்கண்ணு, அப்புறம் மூச்சு லேசாயிரும்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். விருப்பப்பட்டால் சார்ஜ் விளக்கைப் பார்த்துச் சொல்லட்டும். உறிஞ்சு குழாய் பெரியவர்கள் கையில்தான்.