உற்சவர் கோயிலிலேயே இருக்கட்டுமா, பாதுகாப்பு மையத்துக்குப் போகட்டுமா?

உத்தரகோசமங்கை போல வருஷம் முழுக்கக் கூட்டம் வரும் கோயிலை விடுங்கள். இராமநாதபுரம் கடலோரத்தில் ஒருவேளைப் பூசை மட்டும் நடக்கும் சின்னக் கோயில்களின் உற்சவர்கள், அதாவது திருவிழாவில் வீதியுலா வரும் செப்புத் திருமேனிகளைப் பற்றித்தான் பேச்சு. பாதுகாப்பு மையம் என்பது பல கோயில்களின் திருமேனிகளை அறநிலையத் துறை ஒரே இடத்தில் வைத்துக் காக்கும் இடம்.

கோயிலிலேயே இருந்தால் சாமி ஊரோடு இருக்கும். திருவிழாவுக்கு யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். ஆனால் பழைய மரக்கதவும் ஒரு பூட்டும்தான் காவல். அதைவிட மோசம் உப்புக்காற்று. அதிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கும். வெளிர்பச்சைப் பொடி உதிரத் தொடங்கும். அபிஷேகம் முடிந்து சரியாகத் துடைக்காவிட்டால் இன்னும் வேகம். புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பதும் மருந்தல்ல, மேல்பூச்சையே எடுத்துவிடும்.

அறநிலையத் துறையின் பாதுகாப்பு மையத்தில், திருவாரூரில் இருப்பது போல, திருட்டுப் பயம் குறைவு. சரி, அரிப்பு? பூட்டிய அறையில் காற்றோட்டம் இல்லாமல் நெருக்கி வைத்தால் அங்கேயும் அதே கதைதான். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்குகிறது. அந்த மாதிரிக் கவனிப்பு மையங்களுக்கும் எட்ட வேண்டும்.

என் கணக்கில், இரவுக் காவல் இல்லாத கோயில் என்றால் மையம்தான். திருவிழாவுக்குச் சாமி ஊருக்கு வந்து போகட்டும். எங்கே வைத்தாலும் முன், பின், பீடம் எல்லாம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் பெரிய சாட்சி.