மூணு சீசன் ஓட்டின பழைய ஹேட்ச்பேக்கும் தீராத புழுதியும்

போன ஞாயித்துக்கிழமை பின் வீல் பேரிங் மாத்தி முடிச்சு, கையைக் கழுவிட்டு வந்து போனை எடுத்தா ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்டேருந்து மெசேஜ். வீட்ல சும்மா நிக்குற பழைய காரை உன்னை மாதிரியே ராலிக்கு ரெடி பண்ணலாமாடான்னு கேட்டிருக்கான், கூடவே "எஞ்சின்ல எவ்ளோ பவர் ஏத்தின?"ன்னு ஒரு கேள்வி. மூணு சீசன் ஓட்டியாச்சு, நாலு ஷாக் அப்சார்பர் தின்னாச்சு, இப்ப எனக்கு பதில் சொல்றதுக்கு விஷயம் இருக்கு, அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதறேன்.

பவர் ஏத்தல மச்சான். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கம்பெனில இருந்து வந்த மாதிரியேதான் இருக்கு. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் புதுசு, எஞ்சின் மவுண்ட் கொஞ்சம் கெட்டியானது, அவ்ளோதான். 1965 மான்டே கார்லோ ராலில அத்தனை பனியில டிமோ மாக்கினென் ஜெயிச்சது 1,275 சிசி மினி கூப்பர் எஸ்ல, அதுவும் முன் சக்கர டிரைவ்தான். ஜல்லி ரோட்ல சக்கரம் பிடிச்சாதான் பவருக்கு வேலை. நமக்கு முதல்ல வேண்டியது நிக்குற பிரேக்கும் தாங்குற சஸ்பென்ஷனும்.

கேஜ், அதாவது வண்டி கவுந்தா நம்மளைக் காக்குற பைப் கூண்டு, அதை மட்டும் வீட்ல பண்ணல, அதுல விளையாடக் கூடாது. எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி மெயின் ஹூப்புக்கு, அதாவது சீட்டுக்குப் பின்னாடி நிக்குற பெரிய வளைவுக்கு, சீம்லெஸ் (ஒட்டுத் தையல் இல்லாத) ஸ்டீல் பைப், 45 மிமீ விட்டம், 2.5 மிமீ கனம், பாடியில உக்கார்ற இடத்துல 3 மிமீ பிளேட் 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாம இருக்கணும். இதையெல்லாம் நாள் முழுக்க பண்ற ஆள்கிட்ட குடுத்துட்டேன். சம்ப் கார்டு (எஞ்சினுக்கு அடியில கல்லடி படாம தடுக்குற தகடு), சஸ்பென்ஷன், பிரேக், வயரிங், சீட் மவுண்ட் எல்லாம் நானும் தம்பியும் ஷெட்ல பண்ணினது. பிரேக் ஃப்ளூயிட பத்தி ஒரு வரி: டாட் 4 புதுசா இருக்கும்போது கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையாது, ஆனா அது காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், இழுத்துட்டா 155 வரைக்கும் இறங்கிடலாம், கொதிச்சா பிரேக் பிடிக்காது. ஒவ்வொரு ராலிக்கும் முன்னாடி நான் மாத்திடுவேன். இதுல சோம்பேறித்தனம் பட்டு ஒரு தடவை பெடல் தரை வரைக்கும் போயிருக்கு, அந்த வளைவு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

சஸ்பென்ஷன் நான் எதிர்பார்த்ததை விட நல்லா வந்துச்சு. ஸ்ட்ரட் டவர்ல (ஷாக்கோட மேல் முனை பாடியில உக்கார்ற இடம்) தகடு சேர்ற ஓரம் முழுக்க வெல்டு போட்டு, டாப் மவுண்ட்டை பலப்படுத்தி, கேஸ் ஷாக் போட்டதும் வண்டி மாறிடுச்சு. பள்ளத்துல விழுந்து எழும்போது முன்னாடி மாதிரி ரெண்டு மூணு தடவை ஆடாது, ஒரே தடவை அமுங்கி நின்னுடும். ஷாக் நாலு போயிருக்கு, அதுக்காக அதைக் குறை சொல்ல மாட்டேன், நான் குடுத்த அடிக்கு அது உழைச்சுதான் செத்துச்சு.

இப்ப நிஜமான விஷயத்துக்கு வரேன். புழுதி.

முதல் ராலி, ரெண்டாவது ஸ்டேஜ் (நேரம் கணக்கு பண்ணி ஓட்டுற ஒரு துண்டு ரோடு) முடியுற இடம். தம்பிதான் கோ-டிரைவர், பக்கத்துல உக்காந்து அடுத்து வர்ற வளைவையெல்லாம் நோட்ஸ் பாத்து படிச்சு சொல்றவன். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு அவன் குரல் நின்னு போச்சு. நான் கத்தறேன், அவன் நோட்ஸ் புக்கை முகத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு "அண்ணே, எழுத்தே தெரியல, நீங்களா பாத்து போங்க"ன்றான். ஜன்னல் எல்லாம் மூடிதான் இருக்கு. ஆனா காருக்குள்ள மாவு மில்லு மாதிரி காத்துல தூள் மிதக்குது, ஹெட்லைட் வெளிச்சம் கண்ணாடி வழியா திரும்பி வந்து அந்தத் தூள்ல பட்டு உள்ளயே ஒரு திரை கட்டின மாதிரி நிக்குது. ஸ்டேஜ் முடிஞ்சு நிக்குற ஸ்டாப் கன்ட்ரோல்ல இறங்கினா பல்லுக்கு நடுவுல நறநறங்குது. தம்பி ஹெல்மெட்டைக் கழட்டினப்ப கண்ணைச் சுத்தி மட்டும்தான் தோல் நிறம் தெரிஞ்சுது.

எரிச்சல் அதோட முடியல. ஹார்னஸ் (பந்தய சீட் பெல்ட்) பக்கிள் ஒரு தடவை அமுக்கினா திறக்காம ரெண்டாவது தடவைதான் திறந்துச்சு. இது சாதாரணக் குறை இல்ல, வண்டி கவுந்து கிடக்கும்போது அந்த பக்கிள் திறக்கலன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. ஹெல்மெட்டுக்குள்ள பேசிக்கிற இன்டர்காம் ஜாக்ல தூசி போய் கரகரன்னு சத்தம், தம்பி சொல்ற வளைவுல "லெஃப்ட் ஃபோர்" எது "ரைட் ஃபோர்" எதுன்னு ஊகிச்சு ஓட்டினோம். ரிலே பாக்ஸ்ல தூசி, ஃபேன் ஒரு நேரம் ஓடும் ஒரு நேரம் ஓடாது. பவர் விண்டோ ஒரு சீசன்லயே செத்துச்சு, கையால சுத்துற பழைய மெக்கானிசத்தைத் தேடிப் பிடிச்சு போட்டோம்.

ஏன் இப்படின்னு புரிஞ்சுக்கவே எனக்கு அரை சீசன் ஆச்சு. ஹேட்ச்பேக் வேகமா போகும்போது பின்பக்கம் செங்குத்தா வெட்டின மாதிரி இருக்குறதால அங்க காத்தழுத்தம் குறையுது, நம்ம டயர் கிளப்பின புழுதியே அங்க சுழண்டு நிக்கும். காருக்குள்ள அழுத்தம் அதை விட கம்மியா இருந்தா ஊசி முனை ஓட்டை வழியா கூட உறிஞ்சிக்கும். வெக்கைக்கு ஜன்னலை ஒரு இன்ச் இறக்கினா நல்லதுன்னு நினைச்சோம், அதுதான் பெரிய தப்பு. ஜன்னல் வழியா உள் காத்து வெளிய போகுது, அதுக்கு ஈடா பின்னாடியிலேருந்து புழுதி உள்ள வருது. ஜன்னலைத் திறந்தா புழுதி கூடும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல.

இதுல பாதி என் கையால வந்ததுதான், மறைக்க விரும்பல. எடையைக் குறைக்க உள்ள இருந்த கார்பெட், பின் சீட், டிரிம், தார் ஷீட் எல்லாத்தையும் கழட்டினேன். தார் ஷீட்டுக்கு டிரை ஐஸ் ஒரு அருமையான வழி, மைனஸ் 78 டிகிரி குளிர்ல தார் கண்ணாடி மாதிரி விறைச்சுடும், ரப்பர் சுத்தியலால தட்டினா படபடன்னு பேந்து வரும். (கதவைத் திறந்து வச்சுக்கிட்டு பண்ணணும், டிரை ஐஸ்லேருந்து வர்ற கேஸ் மூச்சை அடைச்சுடும்.) அன்னைக்கு முழுக்க சந்தோஷமா தட்டினேன். ஆனா அந்த ஷீட்டும் டிரிம்மும் மூடி வச்சிருந்த ரப்பர் பிளக், பழைய துரு ஓட்டை, ஆண்டெனா வயர் போன துளை எல்லாம் வெளிய வந்துடுச்சு. எதுவும் கண்ணுல படல, அப்படியே பெயின்ட் அடிச்சுட்டேன்.

மீதிப் பாதிக்கு இன்னொரு ஆள் காரணம். ஃபியூயல் பம்ப் மாத்த ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், மாத்திட்டு பின்சீட்டுக்குக் கீழ இருக்குற மூடியை கேஸ்கெட் இல்லாம நாலு ஸ்க்ரூல ரெண்டே ஸ்க்ரூ போட்டு திருப்பிக் குடுத்தாங்க. புழுதி மட்டும்னா கூட விட்டுடுவேன், அந்த மூடி டேங்க்குக்கும் எங்களுக்கும் நடுவுல இருக்குற தடுப்பு. போய்க் கேட்டா "ராலி வண்டிதானே சார், இதுக்கு மேல என்ன"ன்னு பதில். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. ராலி வண்டின்னாதான் ஒவ்வொரு ஸ்க்ரூவும் இருக்கணும். பம்ப் வேலையை மட்டும் பாத்தா ஒரு குறையும் சொல்ல முடியாது, இன்னைக்கு வரைக்கும் ஓடுது, அதையும் சொல்லிடணும்.

ஓட்டையைத் தேட நாங்க பண்ணினது ரெண்டு வேலை. ராத்திரி ஷெட் லைட்டை அணைச்சுட்டு தம்பி காருக்குள்ள பவரான டார்ச்சோட உக்காந்தான், நான் வெளிய தரையில படுத்துப் பாத்தேன். பின்பக்கத்துல ஏழு இடத்துல வெளிச்சம், ஒண்ணு என் கட்டை விரல் நுழையுற அளவு. அடுத்த நாள் புளோயர் ஃபேனை ஃபுல்லா வச்சு, எல்லாக் கதவையும் மூடி, சோப்புத் தண்ணியை ஸ்ப்ரேல எடுத்து ஹேட்ச் ரப்பர், டெயில் லேம்ப் ஓரம், ஒவ்வொரு சீமா அடிச்சோம். இடது டெயில் லேம்ப்புக்குக் கீழ சின்னச் சின்னதா குமிழி வந்துகிட்டே இருந்துச்சு, அரிசி அளவு குமிழிங்க வரிசையா. லேம்ப்பைக் கழட்டினா பின்னாடி இருக்குற ஃபோம் கேஸ்கெட் தொட்டாலே உதிருது. இருபது வருஷத்து ஃபோம் அது, பாவம், அதுக்கு மேல என்ன எதிர்பார்க்குறது.

அத்தனையையும் அடைச்சோம். சீம் சீலர், துளைக்கு புது குரோமெட் (ரப்பர் வளையம்), டெயில் லேம்ப்புக்கு புது கேஸ்கெட், பம்ப் மூடிக்கு ரப்பர் ஷீட் வெட்டி நாலு ஸ்க்ரூவோட. பின் பம்பருக்கு உள்ள காத்து வெளிய போறதுக்கு ரப்பர் நாக்கு வச்ச வென்ட் ஒண்ணு இருக்கும், அந்த நாக்கு வளைஞ்சு திறந்தே கிடந்துச்சு, அதையும் மாத்தினோம். புழுதி பாதிக்குப் பாதி குறைஞ்சுது. ஆனா வேற பிரச்சினை: வண்டி அடைச்ச டப்பா ஆயிடுச்சு. மேல் நெருப்புத் தாங்குற சூட், ஹெல்மெட், கீழ எஞ்சின் சூடு, ரெண்டு பேர் மூச்சு. மழை ஸ்டேஜ்ல கண்ணாடி பனி பூத்து நான் கையுறையால துடைச்சுக்கிட்டே ஓட்டினேன்.

அப்பதான் ரூஃப் வென்ட். பெரிய ராலி வண்டிங்கள்ல கூரை மேல ஒரு வாய் திறந்த மாதிரி இருக்குமே, அதேதான். அது டிரைவருக்கு காத்து வரத்தான்னு நினைச்சிருந்தேன், ஆனா அது உள்ள காத்தைத் தள்ளி காருக்குள்ள அழுத்தத்தையும் ஏத்தும். நல்லா இருக்குற கூரையில நானே ஓட்டை போடணும்னதும் ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன். கேஜ் பைப் எங்க போகுதுன்னு உள்ளயிருந்து அளந்து, அட்டையில டெம்ப்ளேட் வெட்டி, மாஸ்கிங் டேப் மேல மார்க் பண்ணி, நாலு மூலையில துளை போட்டு, நுண்ணிய பல் பிளேடால ஜிக்சா ஓட்டினேன். கூரைத் தகடு அதிர்ந்து அலறுற சத்தம் காதுல இன்னும் இருக்கு. ஓரத்தை அரம் போட்டு மழுக்கி, வெட்டின விளிம்புல ஜிங்க் பிரைமர் ரெண்டு கோட், கண்ணாடி ஒட்டுற பாலியூரித்தேன் சீலன்ட், அதுக்கு மேல ரிவெட். ஸ்கூப் கண்டிப்பா நிமிந்து நிக்கணும். முன் கண்ணாடி முடிஞ்சு கூரை திரும்புற இடத்துல காத்து வேகமெடுக்கும், அங்க அழுத்தம் கம்மி, வெறும் ஓட்டையா விட்டா உள்ள இருக்குற காத்தைத்தான் வெளிய இழுக்கும்.

சோதிக்க அந்த ரப்பர் நாக்கு வென்ட்டுக்குப் பக்கத்துல ஒரு மெல்லிய பேப்பர் துண்டு ஒட்டி, ஆக்‌ஷன் கேமராவை அதைப் பாத்த மாதிரி கேஜ்ல கட்டினோம். ரூஃப் வென்ட்டை மூடிட்டு ஓட்டினப்ப பேப்பர் உள்பக்கமா படபடன்னு அடிச்சுது. ரூஃப் வென்ட்டைத் திறந்ததும் ஒரு நொடி தொங்குச்சு, அப்புறம் அப்படியே திரும்பி வெளிப்பக்கமா ஒட்டிக்கிச்சு. அந்த வீடியோவை நானும் தம்பியும் எத்தனை தடவை பாத்தோம்னு கணக்கே இல்ல. காருக்குள்ள அழுத்தம் வெளிய விட கூடிடுச்சு, இனிமே ஓட்டை மிச்சமிருந்தாலும் காத்து உள்ளயிருந்து வெளியதான் போகும். அதுக்கு அடுத்த ராலில ஸ்டேஜ் முடிஞ்சு தம்பி ஹெல்மெட்டைக் கழட்டினா முகம் முகமாவே இருந்துச்சு. மூணு வருஷத்துல இந்த வண்டிக்கு நான் பண்ணின அத்தனை வேலையிலயும், ஷாக்கையும் சேத்துதான் சொல்றேன், இதுக்கு ஈடா ஒண்ணும் இல்ல.

குறை இல்லாம இல்ல. வண்டி ஓடினாதான் ரூஃப் வென்ட் வேலை செய்யும். முன்னாடி போற வண்டியோட புழுதி அடங்காம தொங்கிக்கிட்டு இருந்தா அதையும் சேத்து உள்ள அள்ளிக் கொட்டும், அதனால ஸ்டார்ட் லைன்ல நிக்கும்போதும் யாரையாவது நெருங்கும்போதும் மூடிடணும், அந்த லீவரைத் தம்பி கைக்கு எட்டுற மாதிரி வச்சோம். மழைக்கு மூடி வச்சாலும் நாலு சொட்டு என் தொடையில விழும். ஹெல்மெட்ல ஊதல் சத்தம் ஏறும். பழகிடுது.

இப்ப உன் கேள்விக்கு வரேன் மச்சான். இவ்ளோ சந்தோஷமா எழுதிட்டு இதைச் சொல்றேனேன்னு நினைக்காத: பண்ணாத. யாராவது ஏற்கனவே கட்டி முடிச்ச ராலி வண்டி கிடைச்சா அதை வாங்கு. என் சாயங்காலம் மூணு வருஷமா அந்த ஷெட்லதான் போச்சு. உக்கார்ற சீட் உள்ளிட்ட சாமானுக்கும் காலாவதி தேதி இருக்கு, எஃப்ஐஏவோட 8855-1999 தர அங்கீகாரம் உள்ள சீட்டுக்கு தயாரிச்சதுலேருந்து 5 வருஷம், என்னோடது அடுத்த வருஷத்தோட முடியுது, நான் ஆசைப்பட்டு போட்ட சாமான் ஒவ்வொண்ணா தேதி முடிஞ்சு கழண்டு போகப் போகுது. போன வாரம் கழட்டின அந்த வீல் பேரிங்கை விரல்ல சுத்திப் பாத்தேன், உள்ள மணல் அரைபடுற சத்தம். காருக்குள்ள விடாம தடுத்த புழுதி அங்க போய் உக்காந்திருக்கு. புது பேரிங்குக்கு சீல் கவரை நல்ல கிரீஸ் வச்சு அடிச்சிருக்கேன், இந்த சீசன் தாங்குதான்னு பாக்கணும்.

நீ எப்படியும் பண்ணத்தான் போறேன்னு தெரியும். கூரையை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு, அந்த அட்டை டெம்ப்ளேட் இன்னும் என்கிட்டதான் இருக்கு, உன் கூரை வளைவுக்குச் சரியா வருமான்னு ரெண்டு பேருமா வச்சுப் பாத்துடலாம்.