பழைய அம்பாசடருக்கு இன்ஜின் வேலையா, இசுசுவா? உப்புக்காற்று ஊரின் கணக்கு

கீழக்கரை, தேவிப்பட்டினம், மண்டபம் பக்கம் பழைய அம்பாசடர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். இருக்கிற இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, அதை இறக்கிவிட்டு இசுசு என்ற ஜப்பான் கம்பெனி வடிவமைத்த இன்ஜினை ஏற்றுவதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) நன்றாக இருந்தால் பழைய இன்ஜினையே கட்டுங்கள். அதற்குக் காரணம் பழைய பாசம் மட்டும் இல்லை.

அந்த 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. கனமான இரும்பு பிளாக், புஷ்ராடு வால்வுகள், ஒரே கார்ப்பரேட்டர், சுமார் 50 குதிரைத்திறன். அவ்வளவுதான். இதில் தேய்வது எதுவானாலும் லேத் பட்டறையில் சரிசெய்துவிடலாம். நம் கரையில் இந்த இன்ஜின் பெரும்பாலும் ஓடித் தேய்ந்து சாவதில்லை. தண்ணீராலும், சும்மா நிற்பதாலும்தான் சாகிறது.

முதலில் தண்ணீர். இங்கே பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. வருஷக்கணக்காக அதையே ரேடியேட்டரில் ஊற்றிவந்தால் பிளாக்குக்குள் துருவும் சேறும் அடைத்துக்கொள்ளும், அதுவும் குறிப்பாகப் பின்னால் இருக்கும் நாலாவது சிலிண்டரைச் சுற்றி. வண்டி சூடாகும், ஹெட் கேஸ்கட் (பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போகும், ஆயில் பால் கலந்த காப்பி போல வெளுக்கும். உடனே ‘இன்ஜின் போச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பல நேரம் போனது தண்ணீர் வழிதான். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் டம்மி பிளக்குகளை (தண்ணீர் வழியின் ஓட்டைகளை அடைத்திருக்கும் தகடு மூடிகளை) கழற்றி உள்ளே சுரண்டிக் கழுவி, புது பிளக் அடித்து, இனிமேல் நல்ல தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றினால் பாதி நோய் தீர்ந்துவிடும்.

அடுத்தது நிற்பது. வீட்டுக்காரர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார், வண்டி ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும். கச்சான் (மேல்காற்று) காலத்தில் அடிக்கிற காற்று உறைக்குள்ளும் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். “காக்கா (அண்ணே), பயணம் போறதுக்கு முன்னாடி வாரம் ஒருதரம் வண்டிய ஓட்டச் சொல்லிட்டுப் போங்க” என்று மெக்கானிக்குகள் கெஞ்சுவது இதற்காகத்தான். ஒட்டிப்போன இன்ஜினில் ஸ்டார்ட்டரை அடிக்கவே கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசல் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள். அப்படி அசைந்து கொடுத்துவிட்டால், இசுசு பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு ஹெட்டைத் திறந்து பார்க்கலாம்.

வேலை பார்ப்பதென்றால் முழுசாகப் பார்க்க வேண்டும். சிலிண்டர் துளை ஏற்கெனவே 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) வரை பெரிதாகியிருந்தால் ஸ்லீவ் (உள் உறை) அடித்து ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவரலாம். கிராங்க் ஷாஃப்டை அளந்து, தேவையென்றால் கிரைண்டிங். வால்வு சீட்டைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனதால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாய்கள், பம்பு டயாஃப்ரம், கார்ப்பரேட்டர் சீல் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற வேண்டும். நிறுத்திவைக்கிற வண்டியில் டேங்க்கைப் பாதி காலியாக விடாதீர்கள். ஈரக்காற்று உள்ளே நின்றால் டேங்க் துருப்பிடிக்கும்.

சரி, இசுசு பக்கம் என்ன இருக்கிறது? 1990-களின் தொடக்கத்தில் கம்பெனியே அம்பாசடரில் போட்ட 1817 சிசி பெட்ரோல் இன்ஜின் அது. சுமார் 75 குதிரைத்திறன், ஐந்து கியர். மதுரை நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். இதை மறுக்கவே முடியாது.

ஆனால் செலவு இன்ஜினோடு நிற்பதில்லை. கியர்பாக்ஸ், மவுண்ட் (இன்ஜின் தாங்கி), புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், ரேடியேட்டர், சைலன்சர் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிடும். வேகம் கூடினாலும் பழைய வண்டியில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், அதையும் பார்க்க வேண்டும். ஸ்பேர் கிடைக்கும் என்ற சமாதானமும் அரைகுறைதான். அம்பாசடர் செய்த உத்தரபாரா தொழிற்சாலையில் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, கழற்றிய வண்டிகளிலிருந்து வரும் இசுசுவின் வயதும் சின்னதல்ல.

டீசல் இன்ஜின் ஏற்றும் ஆசை இங்கே கூடுதல். பாம்பனில் படகு இன்ஜின் பார்க்கிற கைகளுக்கு டீசல் அத்துப்படி. இருந்தாலும் டீசலின் எடை முன்பக்க டார்ஷன் பாரில் (ஸ்பிரிங் போல எடை தாங்கும் கம்பியில்) உட்காரும், அதிர்வு பாடியில் ஏறும். உப்பில் அரித்த பாடி அதை எத்தனை நாள் தாங்கும்? பெட்ரோல் அம்பாசடருக்கு நான் டீசலைச் சொல்ல மாட்டேன்.

பேப்பர் வேலையில் பழைய இன்ஜினுக்குத்தான் தெளிவான வெற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி இன்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கை கொடுக்குமா என்பது சந்தேகம். 2021-இல் வந்த விண்டேஜ் விதிகள், 50 வயது தாண்டி, பாடியும் இன்ஜினும் பெரிய மாற்றமில்லாமல் இருக்கும் வண்டிக்குத்தான் தனிப் பதிவு தருகின்றன. மார்க் 2 என்ற பழைய அம்பாசடர் மாடல் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது என்பதும் உண்மை.

அப்படியென்றால் இசுசு யாருக்கு? பிளாக் விரிசல் விட்டவர்களுக்கு. தினமும் மதுரை, திருச்சி என்று குடும்பத்தோடு ஓட்டியே ஆக வேண்டியவர்களுக்கு. அவர்கள் பெட்ரோல் இசுசுவை கியர்பாக்ஸோடு ஒரே வண்டியிலிருந்து வாங்கட்டும், கழற்றும் முன் அது ஓடுவதைக் காதால் கேட்கட்டும். பாடியை மட்டும் வெட்ட விடாதீர்கள், மவுண்ட்டைப் போல்ட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். இறக்கிய பழைய இன்ஜின் சரிசெய்யக்கூடியது என்றால் எடைக்குப் போடாமல், சிலிண்டரில் ஆயில் ஊற்றி, ஓட்டைகளை அடைத்து, பலகை மேல் ஏற்றி வீட்டுக்குள்ளேயே வையுங்கள். வண்டியை அடுத்து வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.